பொத்தானின் முகமும் தாளின் நிலையும்: விரிதாள் கருவிப்பட்டையில் இருநிலைப் பொத்தான் அமைத்தல்

முன்னுரை

தமிழ்த்துறை மலரில் கணினிக் கட்டுரைக்கு என்ன இடம் என்று வினவுவோர் இருக்கலாம். ஏடும் எழுத்தாணியும் கருவியாக இருந்த காலத்தில் புலவர்கள் அவற்றைப் பயின்றனர். அச்சுக்கூடம் வந்தபோது பதிப்பாசிரியர்கள் அதன் நுட்பங்களைக் கற்றனர். இன்று வருகைப் பதிவு, அகமதிப்பீட்டு மதிப்பெண், நூலகப் பட்டியல், ஆய்வாளர் தொகுக்கும் சொல்லடைவு ஆகிய யாவும் விரிதாளில் ஏறிவிட்டன. கருவியைக் கையாள்வோர் அதன் இயல்பை அறிந்து கையாளுதல் கடமையாகும்.

எக்செல் விரிதாளில் நாமே ஒரு பொத்தானைச் சேர்த்து, ஒருமுறை அழுத்தினால் ஒரு நிலையும் மறுமுறை அழுத்தினால் மற்றொரு நிலையும் தோன்றுமாறு மேக்ரோ எழுதும் முறையை விளக்குவது இக்கட்டுரையின் முதல் நோக்கம். அம்முயற்சியில் யாம் செய்த ஒரு பிழையையும், அதனால் பெற்ற பாடத்தையும் மாணவர்க்கு எடுத்துரைப்பது இரண்டாம் நோக்கம்.

சில சொற்கள்

வரிசைகளும் நிரல்களுமாகக் கட்டங்கள் விரிந்து கிடப்பது விரிதாள். அடிக்கடி செய்யும் பணிகளைப் பொத்தான்களாக அடுக்கித் தருவது கருவிப்பட்டை. பல கட்டளைகளை ஒன்றாகக் கோத்து, ஒரு பெயரிட்டு, வேண்டும்போது ஏவுவது மேக்ரோ. இதனைக் ‘குறுநிரல்’ என்பாரும் உளர். எனினும் கணினி அறையில் வழங்குவது ‘மேக்ரோ’ என்னும் சொல்லே ஆதலின் ஈண்டும் அதனையே ஆள்கிறோம்.

ஆங்கிலத்தில் ‘டாகிள்’ எனப்படுவதை ‘இருநிலைப் பொத்தான்’ என்று குறிக்கிறோம். சாதாரணப் பொத்தான் ஏவிய பணியை முடித்தவுடன் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அச்சிடும் பொத்தான் அத்தகையது. இருநிலைப் பொத்தானோ அழுந்தியோ எழுந்தோ நிற்கும். எழுத்தைத் தடிப்பாக்கும் ‘பி’ பொத்தானை நாம் அனைவரும் அறிவோம். தடித்த எழுத்துள்ள கட்டத்தில் சுட்டியை வைத்தால் அது அழுந்திய தோற்றம் பெறும்; வேறு கட்டத்திற்குச் சென்றால் எழுந்துவிடும். எனவே இருநிலைப் பொத்தானுக்குத் தொழில் இரண்டு. ஒன்று, நிலையை மாற்றுதல். மற்றொன்று, இருக்கும் நிலையைக் காட்டுதல். முதல் தொழில் எளிது. இரண்டாவதில்தான் இடர்ப்பாடு உள்ளது.

வரலாற்றுச் சுருக்கம்

தனிக்கணினிக்கான முதல் விரிதாளாகிய விசிகால்க் 1979ஆம் ஆண்டில் வெளிவந்தது. டான் பிரிக்ளின், பாப் ஃபிராங்ஸ்டன் ஆகிய இருவரும் அதனை உருவாக்கினர். 1983இல் லோட்டஸ் 1-2-3 வந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எக்செல் 1985இல் மெக்கின்டாஷ் கணினிக்கும், 1987இல் விண்டோஸுக்கும் வெளிவந்தது. 1993இல் வந்த எக்செல் 5 பதிப்பில் ‘விஷுவல் பேசிக் ஃபார் அப்ளிகேஷன்ஸ்’ என்னும் நிரல்மொழி இணைக்கப்பட்டது. எக்செல் 97இல் கருவிப்பட்டைகளும் பட்டியல்களும் ‘கமாண்ட்பார்ஸ்’ என்னும் ஒரே அமைப்பின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் பழைய பட்டைகள் நீங்கி, ‘ரிப்பன்’ எனப்படும் நாடா அவ்விடத்தைப் பிடித்தது. எனவே இருநிலைப் பொத்தான் அமைக்கப் பழைய வழி, புதிய வழி என இரு வழிகள் உள.

மாடிப்படி விளக்கு

நுட்பத்திற்குள் புகுமுன் நம் இல்லத்து மாடிப்படி விளக்கை நினைவிற் கொள்வோம். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். எதனை அழுத்தினாலும் விளக்கின் நிலை மாறும். இவ்வமைப்பில் கீழ்ச்சுவிட்ச் எப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு விளக்கு எரிகிறதா இல்லையா என்று கூற இயலாது. மேலே இருப்பவர் இடையில் அதனை மாற்றியிருக்கலாம். உண்மையை அறிய வேண்டுமெனில் அண்ணாந்து விளக்கைத்தான் பார்க்க வேண்டும்.

விரிதாளிலும் இவ்வாறே. நம் பொத்தான் மாற்றும் அதே நிலையை எக்செல்லின் சொந்தப் பட்டியல் வழியாகவும் மாற்றலாம். வேறொரு மேக்ரோவும் மாற்றலாம். ஒரு தாளிலிருந்து மற்றொரு தாளுக்குச் சென்றாலே நிலை வேறாகலாம். ஆகவே நம் பொத்தான் தன் முகத்தை நம்பக் கூடாது. தாளைப் பார்க்க வேண்டும். இக்கட்டுரையின் சாரம் இதுவே.

எம் பிழை

சில ஆண்டுகளுக்கு முன் அகமதிப்பீட்டு மதிப்பெண்களைப் பதிய ஒரே கோப்பில் ஆண்டுக்கொரு தாளாக மூன்று தாள்கள் அமைத்தோம். மதிப்பெண் உச்ச அளவு 25. பதிந்தபின் எவர் கையும் தவறிப் பட்டுவிடாதிருக்கத் தாளைப் பூட்டும் வசதி எக்செல்லில் உண்டு. அதனை ஒரே அழுத்தில் செய்யவேண்டி ‘பூட்டு’ என்னும் பெயரில் ஓர் இருநிலைப் பொத்தானை யாமே எழுதிச் சேர்த்தோம். அழுந்தியிருந்தால் பூட்டப்பட்டது; எழுந்திருந்தால் திறந்தது. உடன்பணியாற்றுவோர் பாராட்டினர். எமக்கும் சற்றுப் பெருமிதம் இருந்தது.

பூட்டு தாள்தோறும் தனித்தனி, பொத்தானோ ஒன்று. இதனை யாம் எண்ணிப் பார்க்கவில்லை. ஒருநாள் முதலாண்டுத் தாளைப் பூட்டினோம். பொத்தான் அழுந்தி நின்றது. பின்னர் ஆசிரியர் ஒருவர் இரண்டாமாண்டுத் தாளைத் திறந்தார். அத்தாள் பூட்டப்படவில்லை. பொத்தான் மட்டும் அழுந்தியவாறே இருந்தது. உயர்ந்த மதிப்பெண் எதுவென அறிய அவர் மதிப்பெண் நிரலை மட்டும் தேர்ந்து இறங்குவரிசையில் அடுக்கினார். அருகிலுள்ள நிரல்களையும் சேர்க்கவா என்று எக்செல் வினவியபோது, தேர்ந்தெடுத்த பகுதி மட்டும் போதும் என்று விடையளித்தார். தாள் பூட்டியிருக்கிறது, தவறு ஏதும் நேர்ந்துவிடாது என்பது அவர் நம்பிக்கை. பெயர்கள் நின்ற இடத்திலேயே நிற்க, மதிப்பெண்கள் மட்டும் இடம் மாறின. கோப்பைச் சேமித்து மூடிவிட்டார்.

மறுநாள் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. நண்பகலுக்கு முன் ஒரு மாணவி துறை வாயிலில் வந்து நின்றார். “ஐயா, என் பெயருக்கு நேரே இருப்பது என் மதிப்பெண் இல்லை” என்றார். கையெழுத்துப் பதிவேட்டை எடுத்து ஒப்பிட்டோம். அவர் பெற்றது 22. பட்டியலில் இருந்தது 9. தேர்வே எழுதாத ஒருவர் பெயருக்கு நேரே 19 இருந்தது. பட்டியலை உடனே அகற்றி, பதிவேட்டைப் பார்த்து அனைத்தையும் மீண்டும் பதிந்தோம்.

தாளை அடுக்கிய ஆசிரியரிடம் வினவியபோது, “பூட்டியிருப்பதாகத்தானே பொத்தான் காட்டியது?” என்றார். எம்மிடம் விடையில்லை. பிழை அவருடையதன்று, பொத்தானை எழுதிய எம்முடையது. மாணவர் மதிப்பெண் ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அம்மாணவி கூச்சப்பட்டு வாளாவிருந்திருப்பாராயின், அப்பட்டியல் அவ்வாறே பல்கலைக்கழகத்திற்குச் சென்றிருக்கும்.

நிலைமாற்றும் மேக்ரோ

இனி, செய்முறையைக் காண்போம். இங்குத் தமிழ் எழுத்தில் தரப்படும் கட்டளைச் சொற்களைக் கணினியில் ஆங்கில எழுத்துகளில், சொல்லுக்குள் இடைவெளியின்றிப் பதிய வேண்டும். ஆல்ட் விசையுடன் எஃப்11 விசையை அழுத்தினால் நிரல் எழுதும் சாளரம் திறக்கும். அங்கு ‘இன்சர்ட்’ பட்டியலில் ‘மாட்யூல்’ என்பதைத் தேர்ந்து எழுதத் தொடங்கலாம். 2007க்குப் பிந்தைய பதிப்புகளில் மேக்ரோ உள்ள கோப்பை ‘எக்ஸ்எல்எஸ்எம்’ என்னும் பின்னொட்டுடன் சேமிக்க வேண்டும். வெறும் ‘எக்ஸ்எல்எஸ்எக்ஸ்’ கோப்பில் மேக்ரோ தங்காது.

முதற்பயிற்சியாகத் தாளின் கட்டக்கோடுகளை மறைத்தும் காட்டியும் பழகலாம். அதற்கு ஒரே வரி போதும்:

ஆக்டிவ்விண்டோ.டிஸ்பிளேகிரிட்லைன்ஸ் = நாட் ஆக்டிவ்விண்டோ.டிஸ்பிளேகிரிட்லைன்ஸ்

‘நாட்’ என்பது எதிர்மறைச் சொல். இருப்பதை இல்லை என்றும், இல்லாததை உண்டு என்றும் மாற்றும். இவ்வரி எந்த நினைவையும் தனியே வைத்துக்கொள்ளவில்லை. சாளரத்தையே வினவி, பெற்ற விடையைத் தலைகீழாக்கி அதனிடமே தருகிறது. ஆதலால் பிழைக்கு இடமில்லை.

ஈண்டு ஒரு நுட்பம் அறியத்தக்கது. இந்நிரல்மொழியில் ‘உண்மை’ என்பதன் எண்மதிப்பு -1. ‘பொய்’ என்பதன் மதிப்பு 0. சிலர் நிலையை ஒரு கட்டத்தில் 1 அல்லது 0 எனக் குறித்து வைத்து அதன்மேல் ‘நாட்’ இடுவர். 1இன் எதிர்மறை 0 ஆகாது, -2 ஆகும். சுழியமல்லாத எண் யாவும் உண்மை எனக் கொள்ளப்படுவதால் -2உம் உண்மையே. பொத்தானை எத்தனை முறை அழுத்தினும் நிலை மாறாது நிற்பதன் காரணம் பலருக்கும் புலப்படுவதில்லை. எண்ணாக வைப்பின் ஒன்றிலிருந்து அதனைக் கழித்து மாற்றுவதே முறை.

பூட்டும் பணிக்கு இவ்வெளிய வரி பயன்படாது. தாள் பூட்டப்பட்டுள்ளதா என்பதை ‘புரொடெக்ட்கன்டென்ட்ஸ்’ என்னும் பண்பு தெரிவிக்கும். ஆனால் அதனைப் படிக்கலாமேயன்றி எழுத முடியாது. ஆதலின் ‘இஃப்’ என்னும் நிபந்தனை வேண்டும். ஆக்டிவ்ஷீட்.புரொடெக்ட்கன்டென்ட்ஸ் உண்மையாயின் ஆக்டிவ்ஷீட்.அன்புரொடெக்ட் என ஏவுக, அன்றேல் ஆக்டிவ்ஷீட்.புரொடெக்ட் என ஏவுக. எம் பழைய மேக்ரோ இவ்விடத்தில்தான் வழி தவறியது. அது தாளை வினவாது பொத்தானின் முகத்தை வினவியது.

பழைய வழி: கருவிப்பட்டை

எக்செல் 97 முதல் 2003 வரையிலான பதிப்புகளில் கமாண்ட்பார்ஸ்.ஆட் என்னும் கட்டளையால் புதிய பட்டையும், அதன்மேல் கண்ட்ரோல்ஸ்.ஆட் என்னும் கட்டளையால் பொத்தானும் உருவாகும். இரண்டிலும் ‘டெம்பரரி’ என்பதை உண்மை எனக் குறித்தல் நன்று. அவ்வாறு குறித்தால் எக்செல்லை மூடும்போது அவை தாமே நீங்கும், குறிக்காவிடில் தங்கிவிடும். பின்னர்க் கோப்பைத் திறக்கும்போது பட்டையின் பெயர் முன்பே இருப்பதால் பிழைச்செய்தி வரும். அல்லது ஒரே பொத்தான் பலவாகப் பெருகும்.

பொத்தானின் ‘ஆன்ஆக்‌ஷன்’ பண்பில் மேக்ரோவின் பெயரையும், ‘டேக்’ பண்பில் நாம் விரும்பும் ஓர் அடையாளச் சொல்லையும் இட வேண்டும். பின்னர் அப்பொத்தானைத் தேட ஃபைன்ட்கண்ட்ரோல் என்னும் கட்டளை அவ்வடையாளத்தைக் கொண்டே தேடும்.

பொத்தானின் முகத்தை ஆள்வது ‘ஸ்டேட்’ என்னும் பண்பு. எழுந்த நிலைக்கு 0, அழுந்திய நிலைக்கு -1, கலப்பு நிலைக்கு 2 என மூன்று மதிப்புகள் உள. எக்செல் தரும் சொந்தப் பொத்தான்களின் இப்பண்பைப் படிக்க மட்டுமே இயலும். நாம் சேர்த்தவற்றில் எழுதவும் இயலும். அழுத்தியதால் மட்டும் முகம் மாறாது. மாற்றும் பொறுப்பு மேக்ரோவைச் சார்ந்தது. அழுந்திய நிலையின் மதிப்பும் ‘உண்மை’யின் மதிப்பும் -1 ஆக இருப்பது நமக்கு வாய்ப்பாயிற்று. ஆக்டிவ்ஷீட்.புரொடெக்ட்கன்டென்ட்ஸ் தரும் விடையை ‘சிஇன்ட்’ என்னும் கட்டளையால் முழுஎண்ணாக்கி ஸ்டேட் பண்பிற்கு ஈந்தாலே முகம் சரியாகிவிடும்.

முகத்தைத் திருத்தும் இவ்வரியை ஒரு தனிச் செயல்முறையாக எழுதி, அதற்கு ‘முகம்திருத்து’ என ஒரு பெயரிடுக. பூட்டும் மேக்ரோவின் இறுதியில் அதனை அழைக்க வேண்டும். அது மட்டும் போதாது. ஒரு தாளிலிருந்து வேறு தாளுக்குச் செல்லும்போதும் அழைக்க வேண்டும். ‘திஸ்ஒர்க்புக்’ என்னும் பகுதியில் உள்ள ஒர்க்புக்_ஷீட்ஆக்டிவேட் நிகழ்வு அதற்கெனவே அமைந்தது. எம் கோப்பில் விடுபட்டிருந்தது இவ்வொரு நிகழ்வே.

பட்டியல் வழியாக ஒருவர் பூட்டைத் திறந்தால் அதனை அறிவிக்கும் நிகழ்வு எக்செல்லில் இல்லை. ஆதலின் சுட்டி ஒரு கட்டத்திலிருந்து வேறு கட்டத்திற்கு நகருந்தோறும் எழும் ஒர்க்புக்_ஷீட்செலக்‌ஷன்சேஞ்ச் நிகழ்விலும் ‘முகம்திருத்து’ அழைக்கப்படுதல் பாதுகாப்பானது. கட்டத்தைத் தொட்டவுடன் பொத்தான் உண்மை கூறும்.

புதிய வழி: நாடா

2007 முதல் பழைய கருவிப்பட்டை மேக்ரோக்கள் விண்டோஸ் எக்செல்லில் ‘ஆட்-இன்ஸ்’ என்னும் தத்தலின்கீழ் ஒதுங்கித் தோன்றும். நாடாவில் முறையாக இடம்பெற வேண்டுமெனில் வேறு வழி உண்டு. எக்ஸ்எல்எஸ்எம் கோப்பு உண்மையில் பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு மூட்டை. அதனுள் எக்ஸ்எம்எல் மொழியில் எழுதிய ஒரு சிறு கோப்பைச் சேர்த்தால் நாடாவில் நம் பொத்தான் தோன்றும். இதற்கெனக் கட்டணமற்ற சிறு திருத்திகள் கிடைக்கின்றன. எக்செல்லின் விருப்பத் தேர்வுகள் வழியாகவும் மேக்ரோவை நாடாவில் சேர்க்கலாம், ஆனால் அவ்வாறு சேர்ப்பது சாதாரணப் பொத்தானே, அழுந்தி நிற்காது.

அக்கோப்பில் ‘டாகிள்பட்டன்’ என்னும் உறுப்பை எழுதி, அதற்கு நான்கு பண்புகள் தர வேண்டும். ‘ஐடி’ அதன் அடையாளம். ‘லேபிள்’ மேலே தோன்றும் பெயர். ‘ஆன்ஆக்‌ஷன்’ அழுத்தும்போது ஓட வேண்டிய மேக்ரோ. ‘கெட்பிரஸ்டு’ பொத்தான் அழுந்தியிருக்க வேண்டுமா என்பதற்கு விடை தரும் மேக்ரோ. தாளைப் பார்த்து உண்மையைக் கூற வேண்டியது இந்நான்காவதே. அதனுள் ஆக்டிவ்ஷீட்.புரொடெக்ட்கன்டென்ட்ஸ் தரும் விடையைத் திருப்பித் தரும் ஒரு வரி போதும்.

எக்செல் இவ்வினாவைத் தானாக ஓயாது எழுப்புவதில்லை. ‘மீண்டும் கேள்’ என நாம் கூற வேண்டும். அதற்குரிய கட்டளை ‘இன்வேலிடேட்கண்ட்ரோல்’. கோப்பு திறக்கும்போது ‘ஆன்லோட்’ வழியாக வரும் நாடாவை ஒரு மாறியில் பிடித்து வைத்து, பொத்தானின் ஐடியைத் தந்து இக்கட்டளையை ஏவ வேண்டும். முன்கூறிய இரு நிகழ்வுகளிலும் இதனையே அழைக்க வேண்டும்.

நாடாவில் ஓர் இடர் உண்டு. பழைய பொத்தான் தானாக முகம் மாறாது. நாடாப் பொத்தானோ அழுத்தியவுடன் தானே முகம் மாற்றிக்கொள்ளும், பணி நிறைவேறினாலும் நிறைவேறாவிட்டாலும். கடவுச்சொல்லைத் தவறாக இட்டதால் பூட்டு திறக்காதிருக்கலாம். பொத்தான் மட்டும் திறந்ததாகக் காட்டும். எனவே ஆன்ஆக்‌ஷன் மேக்ரோ எவ்வழியில் முடிந்தாலும் இறுதியில் இன்வேலிடேட்கண்ட்ரோல் ஏவப்பட வேண்டும். பிழை நேர்ந்தால் தாவிச் செல்லும் இடத்திலும் அவ்வரி இருத்தல் வேண்டும். பிழையைக் கையாளாது விட்டு, மேக்ரோ இடையில் நிறுத்தப்பட்டால் நாடாவைப் பிடித்து வைத்த மாறி வெறுமையாகிவிடும். அப்போது கோப்பை மூடித் திறப்பதே எளிய தீர்வு.

நன்னூல் காட்டும் நெறி

தமிழ் மாணவர்க்கு இவ்வமைப்பை விளக்க இலக்கணமே துணை செய்கிறது. நன்னூலார் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என அறுவகைப்படுத்துவார். ஆன்ஆக்‌ஷன் ஏவலின் பாற்பட்டது. கெட்பிரஸ்டு அறியாவினா, தான் அறியாததை அறிந்தாரிடம் கேட்பது. எம் பழைய பொத்தானின் குற்றம், தனக்கு விடை தெரியும் என்று எண்ணிக் கேளாதிருந்தமையே.

கவனிக்க வேண்டியவை

தாளை மாற்றும் மேக்ரோ ஓடியபின், அதற்கு முன் செய்தவற்றை ‘அன்டூ’ கட்டளையால் மீட்க இயலாது. ஆகவே பொத்தானை அழுத்துமுன் கோப்பின் படி ஒன்று இருத்தல் நலம். தாள் பூட்டு கைத்தவறுகளைத் தடுப்பதற்கேயன்றி மறைபொருளைக் காப்பதற்கன்று. அதனை உடைக்கும் வழிகள் பலர் அறிந்தவை. உலாவியில் இயங்கும் இணைய எக்செல்லில் இம்மேக்ரோக்கள் ஓடா. மேலும், இணையத்திலிருந்து இறக்கிய கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் 2022 முதல் இயல்பாகவே தடுத்து வருகிறது. பிறர் அனுப்பிய மேக்ரோவை ஆராயாது இயக்குதல் கூடாது.

முடிவுரை

எம் கோப்பைத் திருத்தி எழுதினோம். இப்போது தாள் மாறினால் பொத்தானின் முகமும் மாறுகிறது. பட்டியல் வழியே பூட்டு திறந்தால் அடுத்த கட்டத்தைத் தொட்டவுடன் பொத்தான் எழுந்துவிடுகிறது. எனினும் கையெழுத்துப் பதிவேட்டை யாம் கைவிடவில்லை. பட்டியலை ஒட்டுமுன் இரு ஆசிரியர் அமர்ந்து, ஒருவர் படிக்க மற்றவர் சரிபார்க்கும் வழக்கமும் அன்று முதல் ஏற்பட்டது.

மாணவர்கள் இதனினும் நுட்பமான பொத்தான்களை நாளை அமைப்பர். அமைக்கும்போது பொத்தானின் முகத்தைக் கண்டு நம்பப் போகிற ஒருவரை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். நிரலை அவர் படிக்கப்போவதில்லை. பொத்தானை மட்டுமே பார்ப்பார். அவர் காண்பது மெய்யாக இருக்க வேண்டும்.